நேரியமங்கலம் பாலம்: மலையின் முகம் மேற்கே திரும்பிய இடம்

போடிமெட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. கிழக்குச் சரிவில் விழும் நீர் கொட்டக்குடி ஆற்றில் இறங்கி, தேனிச் சமவெளியில் வைகையைச் சேர்கிறது. மேற்கே விழும் நீர் பூப்பாறை வழியாகப் பன்னியாற்றில் கலந்து, முதிரப்புழையில் விழுந்து, பெரியாற்றோடு சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது. மலை இவ்வாறு இரு திசைகளிலும் நீரை அனுப்பினாலும், அதன் மனிதர்களும் சரக்கும் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே திசையை நோக்கியே இறங்கினர். அது போடியின் திசை, கிழக்கு. இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாறத் தொடங்கியது. அம்மாற்றத்துக்குக் கல்லில் அமைந்த சான்றொன்று வேண்டுமெனில், போடிமெட்டிலிருந்து மூணாறு, அடிமாலி வழியாக இறங்கி, பெரியாற்றின் கரைக்குச் செல்ல வேண்டும். அங்கே நேரியமங்கலத்தில் ஐந்து வளைவுகளுடன் 1935 முதல் ஒரு பாலம் நிற்கிறது.

பாலத்தைப் பேசுமுன் ஆற்றைப் பேச வேண்டும். ஏனெனில் பெரியாறு மேற்குத் தாழ்வாரத்தில் வழியாகவும், மலையடியில் தடையாகவும் இருந்த ஆறு.

சிவகிரி மலைப்பகுதியில் தோன்றி 244 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றைச் சங்கப் புலவர்கள் நன்கறிவர். சேரரின் முசிறியைப் பாடும் அகநானூற்றுப் பாடல் ஒன்று அதனைச் சுள்ளியம் பேரியாறு என்று பெயரிட்டழைக்கிறது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அங்கேதான் வருகிறது. புறநானூற்றில் பரணர் இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறார்: கலம் கொண்டுவந்த பொன் கழித்தோணிகளால் கரைசேர்க்கப்பட்டது. பெருங்கலம் வெளியே நின்றது. சரக்கு சிறுதோணிகளில் மாறியது. இதே செய்தியை உரோம எழுத்தாளர் பிளினியும் கூறுகிறார். முசிறியில் கலம் நிற்குமிடம் கரைக்குத் தொலைவிலுள்ளது, சரக்கைப் படகுகளில் ஏற்றியிறக்க வேண்டும் என்பது அவர் குறை. செங்கடற் செலவு பற்றிய கிரேக்கக் குறிப்பேடும் முசிறி கடற்கரையில் அன்றி ஆற்றின் உள்ளே 20 ஸ்டேடியத் தொலைவில் இருந்ததெனக் கூறும். தமிழ்ப் புலவரும் கிரேக்க வணிகரும் உரோம அறிஞரும் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே துறைமுகத்தின் இயல்பைப் பதிவு செய்திருப்பது பண்டை வரலாற்றில் அடிக்கடி வாய்க்கும் பேறன்று.

2007 முதல் பட்டணத்தில் நடந்த அகழாய்வு இதற்குப் பருப்பொருள் சான்று தந்தது. செங்கல்லால் அமைந்த படகுத்துறை, அதையொட்டிக் கட்டுத்தறிகள், அயினி மரத்தில் குடைந்த ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள தோணி ஆகியவை சேற்றுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கிரேக்கப் பப்பிரசு ஏடொன்று முசிறியிலிருந்து சென்ற ஹெர்மபொல்லோன் என்னும் கலத்தின் சரக்கைக் கணக்கிடுகிறது. அதில் யானைத் தந்தமும் உண்டு. தந்தம் கடற்கரையில் விளைவதன்று. மிளகும் தந்தமும் மலையிலிருந்து இறங்கியவை. ஆகவே முசிறியின் செல்வத்துக்குப் பின்னால் இன்றைய இடுக்கியின் காடுகளையும் காண வேண்டும். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்று தங்கியதும் பேரியாற்று மணற்கரையிலேயே. மலைவாணர் அரசன்முன் கொண்டுவந்து குவித்த பொருள்களின் நீண்ட பட்டியலை அவ்விடத்தில் இளங்கோவடிகள் தருகிறார். அதைக் காவிய அலங்காரமாக மட்டும் படிப்போர் ஒரு பொருளாதார ஆவணத்தைத் தவறவிடுகின்றனர்.

ஆயினும் இந்நீர்வழிக்கு ஓர் எல்லை இருந்தது. தாழ்நிலத்தில் அகன்று, படகைத் தாங்கி ஓடும் பெரியாறு, மலையை நெருங்குந்தோறும் பாறையும் சுழியுமாக மாறுகிறது. மலையாற்றூர்க் காட்டு மரங்களை வெள்ளக்காலத்தில் ஆற்றில் விட்டுக் கீழே சேர்ப்பதும், தெப்பங்களில் மலைச்சரக்கை இறக்குவதும் நடந்தன. இறங்குவதற்கு ஆறு உதவியது, ஏறுவதற்கு உதவவில்லை. அடிவாரத்துக்கு அப்பால் மனிதன் தன் காலையும் பொதிமாட்டையுமே நம்ப வேண்டியிருந்தது.

ஆற்றின் முகத்துவாரமும் நிலையாக இருக்கவில்லை. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலர் ஏற்கும் மரபுச் செய்தி. ஒரே நாளில் ஒரு துறைமுகம் இறந்து மற்றொன்று பிறந்ததெனக் கொள்ளத் தேவையில்லை. தூர்தல் பல தலைமுறைக்கால நிகழ்வாக இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் சரக்கு பிற்காலத்தில் கொச்சியை நோக்கிச் சென்றது. பெரியாற்று வெள்ளம் வணிக வழியை மாற்றியது இதுவே கடைசியும் அன்று.

கிழக்கு வழிக்கு வருவோம். போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளின் புதையல், இம்மலையடி ஊர் பண்டுதொட்டே வணிகப் பாதையில் இருந்ததைக் காட்டுகிறது. கம்பம், போடி, குரங்கணி ஆகிய ஊர்களிலிருந்து மலையேறிய பாதைகள் ஏலத்தையும் மிளகையும் இறக்கின; நெல்லையும் உப்பையும் ஏற்றின. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் பார்வதித் தோட்டத்தில் ஏ. எச். ஷார்ப் பயிரிடலைத் தொடங்கினார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. தோட்டங்கள் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய கைகள் கிழக்கிலிருந்து வந்தன. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய குடும்பங்கள் கொட்டக்குடி வழியாகவே மேலேறின. அவர்கள் உண்ட அரிசியும் அவ்வழியே ஏறியது.

அவர்கள் பறித்த தேயிலை இறங்கிய முறை இன்று கேட்போருக்குக் கதைபோல் தோன்றும். 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிப்பாதை அமைந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறி, சிறு நீராவி எஞ்சின்கள் ஓடின. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்பது அதன் பெயர். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கின, அங்கிருந்து போடி, போடியிலிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து கப்பல். திருவிதாங்கூர் மண்ணில் விளைந்த தேயிலை பாண்டிநாட்டுத் துறைமுகத்தில் கடல் கண்டது. அரசியல் எல்லை மேற்கே சாய, பொருளியல் கிழக்கே சாய்ந்திருந்த காலம் அது.

1924 ஜூலையில் அவ்வமைப்பு முறிந்தது. கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடக மாதத்தில் வந்ததால் மலையாளத்தில் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். மலைச்சரிவுகள் பெயர்ந்தன, மூணாறு நகரம் நீரில் மூழ்கியது, குண்டளை ரயில் மீண்டும் எழ இயலாதபடி அழிந்தது. இந்த அழிவு பலரும் அறிந்தது. அதே வெள்ளத்தில் அழிந்த மற்றொன்றைத் தமிழில் எழுதுவோர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆலுவாயிலிருந்து கோதமங்கலம், தட்டேக்காடு, பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாற்றை அடைந்த பழைய மேற்குச் சாலையும் அவ்வெள்ளத்தில் போயிற்று. கரிந்திரி மலை சரிந்து சாலையை விழுங்கியது. ஒரே மழையில் மூணாற்றின் கிழக்கு வாயிலும் மேற்கு வாயிலும் ஒருங்கே மூடின.

இரு வாயில்களில் எதை மீண்டும் திறப்பது என்பதே அப்போது எழுந்த கேள்வி. ரயில் மீண்டும் போடப்படவில்லை. மேற்கே புதிய சாலை வெட்டத் திருவிதாங்கூர் அரசு முனைந்தது. சேது லட்சுமிபாய் மகாராணி ஆட்சிப்பொறுப்பில் இருந்த காலம் அது. 1924 முதல் 1931 வரை அவர் ஆண்டார். பழைய பாதையை விட்டு, நேரியமங்கலம், அடிமாலி, பள்ளிவாசல் என்று புதிய தடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நேரியமங்கலத்துக்கு மேலே காட்டுச் சாலையில் ராணிக்கல்லு என்னும் இடப்பெயர் அவரை இன்றும் நினைவூட்டுகிறது. இத்தடத்தின் ஒரே பெருந்தடை பெரியாறு. மலையிறங்கி, முதிரப்புழை நீரையும் சேர்த்துக்கொண்டு, கர்க்கடக மழையில் கரைபுரளும் ஆற்றைச் சாலை கடந்தாக வேண்டும்.

அதற்காக எழுந்ததே நேரியமங்கலம் பாலம். நீளம் 214 மீட்டர், அகலம் 4.90 மீட்டர், வளைவுகள் ஐந்து. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டப்பட்டதென்பர். 1935 மார்ச் 2 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்துவைத்தார். இதனைத் தென்னிந்தியாவின் முதல் வளைவுப் பாலம் என்று பலரும் எழுதிவருகின்றனர். அப்பெருமையை அப்படியே ஏற்பது கடினம். மதுரையில் வைகையின் குறுக்கே 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வளைவுகளை நாள்தோறும் பார்ப்போர் அதை ஒப்பமாட்டார்கள். நேரியமங்கலத்துக்கு இரவல் பெருமை தேவையுமில்லை. 1961, 2018 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களைக் கடந்து அதே ஐந்து வளைவுகளில் நிற்கிறது என்பதே போதும்.

பாலம் திறந்த காலத்தை மற்ற இரு நிகழ்ச்சிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். இரண்டும் 1928இல் நிகழ்ந்தவை. அவ்வாண்டில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. கிழக்கு வழி நிலைத்திருந்தால் மலைச்சரக்குக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை. அதே ஆண்டு மே 26 அன்று, கொச்சி அழிமுகத்து மணல்திட்டை இராபர்ட் பிரிஸ்டோ அகழ்ந்து அமைத்த கால்வாய் வழியாகப் பத்மா என்னும் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஒருபுறம் மலையடி வரை ரயில். மறுபுறம் பெருங்கப்பல் நுழையும் துறைமுகம். ஏழாண்டு கழித்துப் பாலம் வந்தபோது மூணாற்றுக்கும் கொச்சிக்கும் இடையில் சரக்கு வண்டி தடையின்றி ஓட வழியாயிற்று. போட்டியில் வென்றது மேற்கு. போடி ரயில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டு 1954இல்தான் மீண்டும் ஓடியது. வரலாற்றின் தராசில் இத்தகைய பத்தாண்டு இடைவெளிகள் சிறியவை அல்ல.

மேற்கே திரும்பியது தேயிலை மட்டுமன்று. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூணாற்றில் பிறந்த மின்சாரம் ஆலுவாய்ப் பகுதியில் பெரியாற்றின் தாழ்கரையில் ஆலைகளை எழுப்பியது. அலுமினிய ஆலையும் ஏலூரின் உர ஆலையும் 1940களில் அங்கே வந்தன. உர ஆலைக்கான மூலப்பொருள்கள் கொச்சித் துறைமுகத்திலிருந்து பார்ஜுகளில், நீர்வழியாகவே ஏறின. முசிறிக் காலத்தில் மலைப்பொருளைக் கடலுக்கு இறக்கிய ஆற்று முகத்தில், இப்போது மலைநீரின் ஆற்றல் கம்பியில் இறங்க, சரக்கு கடலிலிருந்து உள்ளே வந்தது. 1993இல் கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையான நீர்வழி, சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களோடு சேர்த்து மொத்தம் 205 கிலோமீட்டர், மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. கோட்டப்புறம் கொடுங்கல்லூரில் உள்ளது. பண்டை முசிறியின் அண்டையூர்.

மேலாற்றின் கதை வேறு. 1895இல் பென்னிகுயிக்கின் முல்லைப் பெரியாறு அணை தலைநீரைக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்குத் தந்தது. 1964இல் பூதத்தான்கெட்டுத் தடுப்பணை நேரியமங்கலத்துக்குக் கீழே ஆற்றைக் குறுக்கிட்டது. 1976இல் இடுக்கி மின்நிலையம் இயங்கியபோது அந்நீர் மூலமற்றம் வழியே மூவாற்றுப்புழையின் பக்கம் சென்றது. மலையிலிருந்து கடல்வரை மரமும் தெப்பமும் தொடர்ந்து இறங்கிய ஆறு, துண்டு துண்டான நீர்த்தேக்கங்களாயிற்று. அத்துண்டுகளில் ஒன்றில், தட்டேக்காட்டில், 2007 பிப்ரவரி 20 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர் 15 பேரும் ஆசிரியர் மூவரும் இறந்தனர். 1924க்கு முன் மூணாற்றுச் சாலை சென்ற அதே தட்டேக்காடு அது. சாலை இடம் மாறியது. நேரியமங்கலம் பாலம் பெற்றது. பழைய வழியின் ஊர்கள் 1935க்குப் பின்னும் பல பத்தாண்டுகள் படகையும் சங்காடத்தையும் நம்பியிருந்தன. ஒரு பாலம் எங்கே கட்டப்பட்டது என்பதோடு எங்கே கட்டப்படவில்லை என்பதும் அதன் வரலாற்றில் சேரும்.

இனி, தமிழ் வாசகர் தவிர்க்க இயலாத கேள்வி ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் சேர்ந்தன. அவ்விரு வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினர் என்பதை மாநில மறுசீரமைப்பு ஆணையமே மறுக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகளல்லர் என்பதும், அப்பகுதியின் பொருளியல் முதன்மையும் கேரளத்துக்குச் சார்பான காரணங்களாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் 1954இல் உச்சமடைந்து, ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. தெற்கு வட்டங்களும் செங்கோட்டையும் கிடைத்தன; மலை கிடைக்கவில்லை. பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவைக் காலத்தில் உயர்மலைப் பகுதியில் நடந்த குடியேற்றத் திட்டமே இதற்குக் காரணமென்று தமிழ்நாட்டில் பேசப்படுவது வழக்கம். அது ஒரு காரணம். ஆனால் அரசின் திட்டத்துக்கு முன்பே வழி திறந்துவிட்டது. கோதமங்கலம், மூவாற்றுப்புழைப் பகுதிகளின் உழவர் குடும்பங்கள் சட்டி பானையோடு அடிமாலிக்கு ஏறுவதற்கு 1935க்குப் பின் ஆறு தடையாக இல்லை. பாலம் எல்லையைத் தீர்மானித்தது என்று கூறுவது மிகை. தோட்டப் பொருளியல் கொச்சியைச் சார்ந்தது என்னும் வாதத்தை 1924க்கு முன் எவரேனும் முன்வைத்திருந்தால், தூத்துக்குடிக் கப்பல்களைக் காட்டி மறுத்திருக்கலாம். 1955இல் அவ்வாறு மறுக்க இயலவில்லை. அந்த அளவுக்குப் பாலத்துக்கு இவ்வரலாற்றில் பங்குண்டு.

இதே சாலை பற்றி இன்னொரு செய்தி. பழைய எண்ணிக்கையில் 49ஆம் தேசிய நெடுஞ்சாலை எனப்பட்டது கொச்சியில் தொடங்கி, நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்து, போடிமெட்டின் வழியாக மதுரைக்கு இறங்கி, பாம்பன் கடலையும் தாண்டித் தனுஷ்கோடியை நோக்கியது. பாம்பனில் 1914இல் கட்டிய ரயில்பாலம் கப்பலுக்காகத் தன் நடுவைத் திறந்து மூடியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் நடுப்பகுதியைச் செங்குத்தாக உயர்த்துகிறது. பாம்பனில் பாலம் கலத்துக்கு வழிவிடுகிறது. நேரியமங்கலத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. பாலம் வந்தபோது பெருஞ்சரக்கு ஏற்கெனவே ஆற்றைக் கைவிட்டுச் சாலைக்கு மாறத் தொடங்கியிருந்தது.

இப்போது 85 என்னும் எண்ணைத் தாங்கும் இச்சாலை அகலப்படுத்தப்பட்டு வருகிறது. 4.90 மீட்டர் அகலத்தில் இரு பேருந்துகள் எதிரெதிரே கடக்க இயலாது. ஒன்று கரையில் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய பாலத்தின் அருகே புதிய பாலப் பணி தொடங்கியது. நேரியமங்கலத்துக்கும் வாளறைக்கும் இடைப்பட்ட காட்டுப்பகுதியில் அகலப்படுத்தும் பணிக்கு 2025இல் கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, அச்சாலை நிலம் வனத்துக்குரியதா நெடுஞ்சாலைக்குரியதா என்னும் வழக்கில் திருவிதாங்கூர் மன்னராட்சிக்கால ஆவணங்கள் மீண்டும் புரட்டப்பட்டன. 1924இல் மறைந்த பூயங்குட்டி வழியைத் திறக்க வேண்டுமென்னும் கோரிக்கையும் அதனோடு எழுந்து நிற்கிறது.

கிழக்கு வாயிலும் முற்றாக மூடிவிடவில்லை. அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்தது. தேயிலை மேற்கே சென்ற பின்னும் ஏலக்காய் தன் பழைய பாதையை விடவில்லை. போடிநாயக்கனூரில் இன்றும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் விடியுமுன் பதினேழு கொண்டையூசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சோதனைச்சாவடியைக் கடந்து, மாலையில் அவ்வழியே இறங்குகின்றன.